பெரும்பாட்டுக்காரியின் இரவு

பெரும்பாடு, அதாவது மிதமிஞ்சிய மாதப்போக்கு, கண்ட ஸ்திரீக்கு இரவு என்பது படுக்கைக்குப் போகிற நேரத்தில் ஆரம்பமாவதில்லை. மாலையில் விளக்கேற்றும் வேளையிலேயே, இன்றைக்கு எந்தப் பாவாடையை உடுத்துவது, எந்த விரிப்பை விரிப்பது, பக்கத்தில் படுக்கும் குழந்தையை இன்றொரு நாள் அதன் பாட்டியிடம் அனுப்பிவிடலாமா என்கிற விசாரங்களோடு அது தொடங்கிவிடுகிறது. பகலை எப்படியோ சமாளித்துவிடலாம். அலுவலகமானாலும் அடுக்களையானாலும் மணிக்கொரு தரம் எழுந்து போக ஏதாவது ஒரு வியாஜம் கிடைக்கும். விழித்திருக்கிற சரீரம் தன்னைத் தானே காவல் காத்துக்கொள்ளும். நித்திரையில் அந்தக் காவல் இல்லை. ஆகவேதான் இந்த உபாதை உள்ளவர்கள், ஒரே பக்கமாக ஒருக்களித்து, கால்களை இடுக்கி, அசையாமற்கிடந்து, ஈரம் பரவுகிற உணர்ச்சி தட்டிய மாத்திரத்தில் துள்ளி எழுகிற ஓர் அரைத் தூக்கத்தைத் தங்களுக்கென்று பழகி வைத்திருக்கிறார்கள்.

நானும் அப்படித் தூங்கியே பல வருஷங்களைக் கழித்தவள்தான். மாதவிடாயைப் பற்றி இப்போது மேடையில் பேசுகிறார்கள், சினிமா எடுக்கிறார்கள். மலிவு விலை நாப்கின் இயந்திரத்தைச் செய்த கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்துக்கு 2016-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2018 ஜூலையில் நாப்கின்மீது இருந்த 12 சதவீத வரியும் நீங்கியது. இவையெல்லாம் சந்தோஷப்பட வேண்டிய சங்கதிகளே. ஆனால் இந்தப் பேச்செல்லாம் பெரும்பாலும் நாப்கின் கிடைக்காதவளைக் குறித்தது. கிடைத்தும் அது போதாமற்போகிறவளைக் குறித்து அதிகமாக ஒருவரும் பிரஸ்தாபிப்பதில்லை. அவளுக்காகவே இதை எழுதுகிறேன்.

இரவில் ஏன் இவ்வளவு அவஸ்தை என்பதை அறிந்துகொண்டாலே பாதிப் பயம் தெளியும். நிற்கும்போதும் நடக்கும்போதும் உதிரம் சிறுகச் சிறுக இறங்கிக்கொண்டிருக்கிறது. படுத்துவிட்டால் அந்த இறக்கம் இல்லாமற்போய் யோனியின் உட்புறத்திலேயே தேங்கி, தேங்கிய இடத்தில் உறைந்து, விடியற்காலையில் நாம் எழுந்து நின்ற கணத்தில் அவ்வளவும் ஒரே வீச்சாக, சில சமயம் கட்டி கட்டியாக, வெளிப்படுகிறது. மாத உதிரம் உறைந்துபோகாமல் இருக்கும் பொருட்டு அதைக் கரைக்கும் ரசங்களைக் கர்ப்பப்பையே சுரந்துகொள்வது இயற்கையின் ஏற்பாடு. போக்கு மிதமிஞ்சும்போது அந்த ரசங்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை, அதனால்தான் கட்டிகள். மல்லாந்து படுப்பவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. உதிரம் நாப்கினின் நடுவில் இறங்காமல் பின்புறமாக இடுப்பை நோக்கி ஓடிவிடும். நாப்கினின் முன்பாதி வெள்ளை வெளேரென்று இருக்க, பாவாடையின் பின்புறம் மாத்திரம் நனைந்திருப்பதைக் கண்டு மலைத்திருப்பீர்களானால், காரணம் இதுதான்.

ஆகையால் இரவுக்கென்று நாப்கின் வாங்கும்போது அதன் பின்பக்க அகலத்தையே முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சாதாரண நாப்கின் சுமார் 24 செ.மீ. நீளம் இருக்கும், 'நைட்' என்று அச்சிட்டு விற்பவை 32 செ.மீ.க்கு மேல், சில 40-ஐயும் தாண்டும். அதுவும் போதாத இரவுகளில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பது பலருடைய வழக்கம். அதில் பிரயோஜனமே இல்லை. மேலே இருப்பதன் அடியில் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாள் ஒரு சொட்டையும் கீழே விடாது. மேலது நிரம்பி ஓரங்களில் வழிந்துகொண்டிருக்கும்போது கீழது உலர்ந்தே கிடக்கும். அதற்குப் பதிலாக, முதலாவதைச் சற்று முன்னே தள்ளி ஒட்டி, அதன் பின்நுனிக்கு அடியில் இரண்டாவதன் முன்நுனி செருகியிருக்கும்படி, ஓட்டுக்கூரையில் ஓடு வேய்கிறாற்போல, இடுப்புவரை நீட்டி ஒட்டிப் பாருங்கள். அதன்மேல் இறுக்கமான உள்ளாடை அவசியம்; "இந்த நாளுக்குத்தானே" என்று ஒதுக்கி வைத்திருக்கிற தொளதொளத்த பழையது உதவாது. உள்ளாடையாகவே மாட்டிக்கொள்ளும் பேண்ட் வகை நாப்கின்களும் இப்போது வந்துவிட்டன, விலை கூடுதல். மருந்துக் கடையில் முதியோருக்கென்று விற்கிற டயாபரும் அதே வேலையைச் செய்யும். கௌரவக் குறைவு என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், நமக்கு வேண்டியது தூக்கம்.

மென்சுரல் கப் என்கிற சிலிக்கான் கிண்ணத்துக்குப் பழகியவர்கள் அதையும் ஒரு நாப்கினையும் சேர்த்து உபயோகிக்கலாம். அது 20 முதல் 30 மில்லிலிட்டர் வரை கொள்ளும். 12 மணி நேரம் வரை வைத்திருக்கலாம் என்று உறையில் போட்டிருப்பதைப் பெரும்பாட்டுக்காரி நம்பிப் படுக்கக்கூடாது, அவளுக்கு அது முதல் ஜாமத்திலேயே நிரம்பிவிடும். காப்பர்-டி போட்டிருப்பவர்கள் கிண்ணத்தை வெடுக்கென்று இழுத்தால் அதுவும் சேர்ந்து நகர்ந்துவிடக்கூடும் என்பதால் வைத்தியரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

படுக்கை விஷயம் சுலபம். பிள்ளைப்பேற்றுக்கு வாங்கிய ரப்பர் ஷீட் பரணில் கிடக்கும். அதை விரித்து, மேலே ஒரு பழைய வேஷ்டியை நாலாக மடித்துப் போட்டு, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டால் புரளும்போது சுருண்டுகொள்ளாது. தலைமாட்டில் ஒரு துணிப்பையில் மாற்று உள்ளாடை, நாப்கின், பழைய செய்தித்தாள், கருநிறத் துண்டு ஒன்று, குடிக்கத் தண்ணீர். குளியலறை வழியில் ஒரு விடிவிளக்கு எரியட்டும். ஈரத்தை எதிர்பார்த்துக்கொண்டு இரவு முழுதும் அரைத் தூக்கம் தூங்குவதைவிட, அலாரம் வைத்து நடுநிசிக்குமேல் ஒரு தரம் நாமாகவே எழுந்து மாற்றிவிட்டு, மிச்ச நேரத்தைப் பயமில்லாமல் தூங்குவது எவ்வளவோ மேல். எழுந்திருக்கும் முறையிலும் ஜாக்கிரதை வேண்டும். சடாரென்று எழுந்து நின்றால் தேங்கியதெல்லாம் இறங்குவதோடு, ரத்தம் குறைந்த உடம்பு தலைசுற்றியும் விழும். ஒருக்களித்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்து, துண்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழ வேண்டும். குளியலறைக் கதவை அந்த வேளையில் தாழிடாமல் சாத்தி மாத்திரம் வைப்பது உத்தமம். கறை பட்ட துணிக்குப் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் கறை நூலிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும்.

வீட்டுக்குள் இவ்வளவும் நடக்கும். வெளியூரில்? எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில், மண்டபத்து மாடியில், வாடகை ஜமக்காளங்களை வரிசையாக விரித்து, அத்தை, பெரியம்மா, மதினி, அவர்கள் குழந்தைகள் என்று ஒருவர் காலடியில் ஒருவர் தலைவைத்துப் படுக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படியொரு முகூர்த்தத்துக்கு முந்திய இரவில், மணமகள் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எதிரே இன்னொரு நாற்காலியில் சித்தி, பூத்தொடுக்கிற பாவனையில். எல்லாரும் உறங்கி வெகுநேரம் ஆயிற்று. அவளும் எழுந்திருப்பதாகக் காணோம்.

"ஏட்டி, நீ இன்னும் படுக்கலியா?"

"தூக்கம் வரல சித்தி. நீங்க போய்ப் படுங்க."

"தூக்கம் வரலியா, படுக்கப் பயமா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே பூவைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "நல்ல காரியத்துக்குக் கறுப்புக் கட்டக்கூடாதும்பாக. அதான் எனக்கு எந்தக் கல்யாணத்துக்கும் அரக்குச் சேலை. எடுத்துக் குடுத்த பட்டெல்லாம் பெட்டியிலயே கெடக்கு."

அவளுடைய அரக்கு நிறப் பிரியத்தைப் பற்றிக் குடும்பத்தில் எத்தனையோ பரிகாசங்கள் உண்டு. அதற்குள்ளிருந்த சங்கதி அன்றுதான் எனக்குப் புலப்பட்டது. அந்த இரவில் அவள் எனக்குப் பல யுக்திகளைச் சொல்லிக்கொடுத்தாள். மேலே நான் எழுதியவற்றில் சில அவளுடையவை. வைத்தியரிடம் போனீர்களா என்று நான் கேட்டதற்கு மாத்திரம், "இதுக்கெல்லாமா போவாக?" என்று சிரித்துவிட்டாள்.

இத்தனை உபாயங்களையும் எடுத்துரைத்தபின், இவற்றின்மேல் எனக்குள்ள குறையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தாயும் சித்தியும் பாட்டியும் நமக்குக் கையளித்தது சமாளிக்கும் சாமர்த்தியத்தை. அந்தச் சாமர்த்தியம் எவ்வளவுக்கெவ்வளவு கூர்மையாகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு நோய் ஒருவர் கண்ணிலும் படாமல், வீட்டுப் புருஷர்களுக்கும் வைத்தியருக்கும், கடைசியில் நமக்குமே தெரியாமல், நிம்மதியாக உள்ளே வளர்கிறது. கறைபடாத படுக்கை ஆரோக்கியத்துக்கு அத்தாட்சி என்று எல்லாரும் நினைத்துவிடுகிறார்கள். நாற்பதைத் தாண்டினால் இப்படித்தான் இருக்கும், நின்றுபோகிற காலம் என்று ஒரு வைத்தியரே எனக்குச் சொல்லி அனுப்பியதுண்டு. அப்புறம் பார்த்த டாக்டரம்மாதான், எத்தனை நாள், எத்தனை நாப்கின் என்ற வழக்கமான கேள்விகளை ஒதுக்கிவிட்டு, "ராத்திரி மாத்துறதுக்காக எழுந்திருக்கிறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப இது நார்மல் இல்லம்மா" என்றார். அவ்வளவு எளிய கேள்வி அது. அதை நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

சாதாரணமாக ஒரு மாதவிடாயில் போகிற ரத்தம் 30, 40 மில்லிலிட்டர்; 80-ஐத் தாண்டினால் மிகை என்பது பழைய கணக்கு. வீட்டில் யார் அளந்துகொண்டிருப்பது என்பீர்கள். இங்கிலாந்தில் 1990-இல் வெளியான ஒரு சித்திர அட்டவணை இதற்கு வழி செய்திருக்கிறது. லேசாகக் கறைபட்ட நாப்கினுக்கு 1 மதிப்பெண், பாதியளவு நனைந்ததற்கு 5, முழுக்க நனைந்ததற்கு 20. சிறு கட்டிக்கு 1, பெரிய கட்டிக்கு 5. மொத்தம் 100-ஐத் தொட்டால் 80 மில்லிலிட்டரைத் தாண்டியிருக்கக்கூடும். முழுக்க நனைந்த நாப்கின் ஐந்து இருந்தால் 100 வந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரே இரவில் அதை எட்டுகிறவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். இது தோராயமான கணக்குத்தான். ஆனாலும் காலண்டர் தாளின் பின்புறத்தில் இரண்டு மாதம் குறித்துக்கொண்டுபோய் நீட்டினால், "ரொம்பப் போகுது டாக்டர்" என்று முனகுவதைக் காட்டிலும் அதற்கு மதிப்பு அதிகம். நம் அன்றாட வாழ்வைக் குலைக்கிற எந்தப் போக்கும் சிகிச்சைக்குரிய மிகைப் போக்கே என்பதுதான் இன்றைய வைத்திய சாஸ்திரத்தின் நிலை. ஆகவே எண்ணிக்கை குறைவாயிருந்தாலும் வாய் திறக்கலாம்.

காரணங்கள் பல. கர்ப்பப்பையில் நார்க்கட்டி, உட்சவ்வில் சதை வளர்ச்சி, உட்சவ்வே தசைக்குள் புகுந்து வீங்கும் அடினோமயோசிஸ், தைராய்டு குறைவு, கரு முட்டை வெளிப்படாத மாதங்கள், காப்பர்-டி, ரத்தம் உறையாதிருக்கத் தின்கிற மாத்திரைகள், அபூர்வமாகப் புற்று. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பெரும்பாலானவற்றைக் காட்டிக்கொடுக்கும். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உட்சவ்விலிருந்து துளி எடுத்துச் சோதிப்பார்கள், பயப்பட வேண்டியதில்லை.

வயதுக்கு வந்த நாள் முதலாகவே கொட்டுகிற பெண்குழந்தைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பின்லாந்து தேசத்து வைத்தியர் எரிக் வான் வில்லிபிராண்ட், ஆலந்து தீவுகளைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை 1924-இல் பரிசோதித்து, ரத்தம் உறைவதில் உள்ள ஒரு பரம்பரைக் குறையைக் கண்டறிந்து, 1926-இல் அதைப் பிரசுரம் செய்தார். இன்றும் அந்த நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்தச் சிறுமி தன் பதின்மூன்றாம் வயதில், நான்காவது மாதவிடாயில், ரத்தப்போக்கு நிற்காமல் இறந்துபோனாள். மஞ்சள் நீராட்டு நடந்த வீட்டில், பிள்ளை இரவெல்லாம் எழுந்து எழுந்து போகிறாள், பல் பிடுங்கினால் ரத்தம் நிற்பதில்லை, லேசாக இடித்துக்கொண்டாலும் கன்றிப்போகிறது என்றால், "முதல்ல அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாயிரும்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். இதற்கான ரத்தச் சோதனை இருக்கிறது, மருந்தும் இருக்கிறது.

மருந்தைப் பற்றிச் சொல்லும்போது, ஜப்பானிய அம்மையார் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும், யுத்தத்துக்குப் பிந்திய வறுமைக் காலத்தில், குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே ஆராய்ச்சிக்கூடத்தில் உழைத்து, 1962-இல் டிரானெக்சாமிக் ஆசிட் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார்கள். உறைந்த ரத்தம் அவசரப்பட்டுக் கரைந்துபோவதை அது தடுக்கிறது. போக்கு அதிகமுள்ள நாட்களில் மாத்திரம் சாப்பிட்டால் போதும், போக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும். ஹார்மோன் மருந்து அன்று, கருத்தரிப்பைக் கெடுப்பதுமில்லை. கால் நரம்பிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டிக்கொண்ட சரித்திரம் உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் வைத்தியர் எழுதிக்கொடுத்தே வாங்க வேண்டும். வயிற்றுவலிக்குத் தருகிற மெஃபனாமிக் ஆசிட்டும் போக்கைச் சற்றுக் குறைக்கும், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகே அதை விழுங்க வேண்டும். லக்னோ ஆய்வகத்தில் கருத்தடைக்கென்று உண்டாக்கிய, 'சஹேலி' என்ற பெயரில் நமக்குத் தெரிந்த ஓர்மெலாக்சிஃபீன் மாத்திரையை இதற்கும் தருகிறார்கள். கர்ப்பப்பைக்குள் பொருத்துகிற ஹார்மோன் சாதனம் எல்லாவற்றிலும் பலமானது. போக்கைப் பத்தில் ஒன்றாகக்கூடக் குறைத்துவிடும், சில வருஷங்களுக்குக் கவலையில்லை. எனக்கு இரவைத் திருப்பிக் கொடுத்தது அதுதான். வாழைப்பூவும் அத்திப்பட்டைக் கஷாயமும் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வாழைப்பூப் பொரியல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் நார்க்கட்டியை அது கரைக்கும் என்று காத்துக்கொண்டிருப்பது வீண்.

கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் மாதவிடாய் நாளைத் தள்ளிப்போட, மருந்துக் கடையில் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்கிறார்களே, அந்த மாத்திரை வேறு விவகாரம். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் போக்கு வந்தே தீரும். அதையும் வைத்தியரைக் கேட்காமல் விழுங்குவது சரியல்ல.

போகிற ரத்தத்தோடு போகிறது இரும்புச்சத்து. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதம் 80 மில்லிலிட்டர் போனால் 40 மில்லிகிராம். உணவிலிருந்து தேகம் நாளொன்றுக்குக் கிரகிப்பதோ ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான். பச்சரிசியையும் பலப்பத்தையும் மெல்லத் தோன்றுகிற ஆசை, மாடி ஏறினால் படபடப்பு, கொத்துக் கொத்தாக முடி உதிர்வது, படுத்தால் கால்களை ஒரு நிலையில் வைத்திருக்க முடியாத குடைச்சல், இவற்றுக்கெல்லாம் பலசமயம் இதுவே மூலம். போக்கு நின்ற நாட்களிலும் நம் தூக்கத்தைக் கெடுப்பது இந்தக் குடைச்சல்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12 இருந்தால் போதும் என்று விட்டுவிடாமல், சேமிப்பிலுள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்னது சரியாயிருக்கும்போதே பின்னது வற்றிப்போயிருக்கக்கூடும். இரும்பு மாத்திரையை விழுங்கிவிட்டு அந்தக் கையோடு காபி குடித்தால் மாத்திரை வியர்த்தம். இரண்டு மணி நேரம் பொறுங்கள். எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும்.

"கர்ப்பப்பையை எடுத்துப் போட்டுவிடுங்கள், பிள்ளை பெற்றாயிற்றே" என்று முதல் நாளே சொல்லுகிறவர்களிடம் மாத்திரம் எச்சரிக்கையாயிருங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். என் சித்திக்கு அது தேவையாகத்தான் இருந்தது, அதன் பிறகுதான் அவள் மயில்கழுத்து நிறப் பட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். ஆனால் அனாவசியமாகக் கர்ப்பப்பையை நீக்குகிற வழக்கம் இந்தத் தேசத்தில் எவ்வளவு மலிந்துவிட்டதென்றால், அதைத் தடுக்கும் நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டுமென்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட நேர்ந்தது. மருந்து, சாதனம், கட்டியை மாத்திரம் நீக்குதல் ஆகியவை எனக்கு ஏன் உதவாது என்று கேளுங்கள். பதில் திருப்தியாயில்லையென்றால் இன்னொரு வைத்தியரிடம் போங்கள்.

கடைசியாக ஒன்று, இது நாளைக்கென்று ஒத்திப்போடக்கூடியதல்ல. மணிக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து இரண்டு மணி நேரத்துக்குமேல் நீடித்தாலும், எழுந்தால் கண் இருண்டாலும், நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கினாலும், கர்ப்பமாயிருக்கக்கூடும் என்ற சந்தேகம் இருந்தாலும், வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்களே என்று தயங்காதீர்கள். எழுப்புங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.